"அண்ணா, பரிசல் ஓடுதா?": ஒகேனக்கல் ஆற்றங்கரையைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். பென்னாகரத்தில் ஒகேனக்கல் சாலையோரம் டீக்கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒகேனக்கல் போகிற வண்டிகளில் பாதியாவது இங்கே நின்று ஒரு டீ குடித்துவிட்டுத்தான் மலையிறங்கும். வண்டியிலிருந்து இறங்குகிறவர்கள் டீ சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்பார்கள்: "அண்ணா, இன்னைக்குப் பரிசல் ஓடுதா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். சொல்லிக்கொண்டிருப்பது நான். அதனால்தான் இந்த மடல்.

எப்படிச் சொல்கிறேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மச்சான் ஒருவர் பரிசல் ஓட்டுகிறார். காலையில் பால் காய்ச்சி இறக்கியதும் அவருக்கு ஒரு போன். "எப்படி மச்சான்?" என்பேன். "ஓடுது" என்றால் ஓடுகிறது. "தண்ணி கலங்கலா வருது" என்றால் மதியத்துக்குள் நிறுத்திவிடுவார்கள். "துறைக்கே போகல, வீட்லதான் கிடக்கேன்" என்றால் தடை. இதுதான் எங்கள் ஊரின் சுற்றுலாத் தகவல் மையம். மச்சான் போனை எடுக்காவிட்டால் மையத்துக்கு விடுமுறை.

போன ஆடி 18 அன்று மச்சான் போனை எடுக்கவில்லை. விடிந்தும் விடியாமலும் ஒரு வேன் வந்து நின்றது. விழுப்புரம் பக்கத்துக் குடும்பம். ராத்திரி முழுக்க வந்திருக்கிறார்கள். சின்னதும் பெரியதுமாகப் பதினாலு பேர். முன் சீட்டில் ஒரு பாட்டி, மடியில் மஞ்சள் பை. பையில் மஞ்சள், குங்குமம், காதோலை, கருகமணி, மாற்றிக்கொள்ள மஞ்சள் கயிறு. பையன்கள் வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள். "தெரியல தம்பி, போய்ப் பாருங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

பதினோரு மணி வாக்கில் அதே வேன் திரும்பி வந்தது. பரிசலும் இல்லை, குளியலும் இல்லை, படித்துறைக்கு முன்னாலேயே கயிறு கட்டி நிறுத்திவிட்டார்கள் என்றார்கள். புதுத் தண்ணீரைக் கும்பிடுவதற்கென்றே ஒரு நாள். அந்த நாளில் தண்ணீர் அதிகமாக இருப்பதால் ஆற்றைத் தொட முடியவில்லை. இதில் யாரையும் குறை சொல்லவில்லை. வெள்ளம் பாறைக்கு மேலே ஓடும்போது படித்துறையைத் திறந்துவிடச் சொல்ல நான் என்ன பைத்தியமா? ஆனால் அந்தப் பாட்டி வேனிலிருந்து இறங்கவே இல்லை. "ஆத்தைக் கண்ணால பாத்துட்டேன்பா, கால்தான் நனைக்கல" என்றார். எனக்கு ஒன்று தோன்றியது. கடைக் குழாயில் ஒரு சொம்பு பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இதுவும் காவிரிதாம்மா" என்றேன்.

பொய் சொல்லவில்லை. எங்கள் குழாயில் வருவது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர்தான். 2013-ல் வந்தது. அதற்கு முன்னால் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களுக்கு ஃப்ளூரைடு கலந்த நிலத்தடி நீர்தான் கதி. என் வயதுக்காரர்கள் சிரித்தால் பல்லில் பழுப்புக் கோடு தெரியும். கல்யாண போட்டோவில் நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்பேன், கோபமாக இருந்தேன் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சரி, அது வேறு கதை. பாட்டி சொம்புத் தண்ணீரை உள்ளங்கையில் ஊற்றிப் பார்த்தார். பிறகு தலையில் மூன்று முறை தெளித்துக்கொண்டார். மருமகள்களுக்கு வேனுக்குள்ளேயே கயிறு மாற்றிவிட்டார். டீக்கு நான் காசு வாங்கவில்லை.

அந்தக் குடும்பத்துக்கு முந்தின நாள் மாலையே ஒரு வரி தெரிந்திருந்தால் வேறு ஆற்றங்கரைக்குப் போயிருக்கும். தெரியாமல் போனதற்குக் காரணம் அந்தத் தகவல் இல்லாததல்ல. நன்றாகவே இருக்கிறது.

எங்களுக்கு மேலே, காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. கர்நாடகம் நமக்குத் தர வேண்டியது ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அந்தக் கணக்கு அளக்கப்படுவது அங்கேதான். இரண்டு மாநிலங்கள் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய எண் அது. அங்கே எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று டெல்லியில் இருப்பவருக்குத் தெரிகிறது, மேட்டூரில் மதகுக்குப் பக்கத்தில் நிற்பவருக்குத் தெரிகிறது. ஆற்றில் கால் வைக்கப் போகிறவன் டீக்கடையில் கேட்க வேண்டியிருக்கிறது.

செய்தியில் வருகிறதே என்பீர்கள். வருகிறது. "ஒகேனக்கல் நீர்வரத்து வினாடிக்கு 8 ஆயிரம் கன அடி." ஓசூரில் வேலை பார்க்கும் பையனுக்கு இதைப் படித்து என்ன புரியும்? எனக்கே வெகுநாள் புரியாமல் இருந்தது. டீ குடிக்க வந்த பொறியாளர் ஒருவர்தான் சிகரெட் அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். 8 ஆயிரம் கன அடி என்றால் வினாடிக்கு 2 லட்சத்து 26 ஆயிரம் லிட்டர். எங்கள் தெருவுக்கு முன்பெல்லாம் வருமே 12 ஆயிரம் லிட்டர் தண்ணீர் லாரி, அதில் 19 லாரித் தண்ணீர், நீங்கள் ஒருமுறை கண் சிமிட்டி முடிப்பதற்குள் உங்களைக் கடந்து போகிறது. அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்த எண்ணைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்கும். வினாடிக்கு 11 ஆயிரத்துச் சொச்சம் கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. என்பதும் அதே அட்டையில்தான் இருந்தது. அட்டையைப் பல வருடம் கல்லாவில் வைத்திருந்தேன்.

ஆகவே எண்ணை மட்டும் எழுதிப் போட்டால் போதாது. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எழுத வேண்டும். பரிசல் உண்டா, அருவியில் குளிக்கலாமா, தொங்கு பாலத்துக்குப் போகலாமா. இவை ஒன்றோடொன்று சேர்ந்தே நிற்பதும் இல்லை. சில நாள் குளிக்கத் தடை இருக்கும், பரிசல் ஓடும். சில நாள் இரண்டும் கிடையாது. சில நாள் காலையில் உண்டு, மதியம் இல்லை. எல்லாமே கீழே போய் நின்றால்தான் தெரிகிறது. பென்னாகரத்திலிருந்து கீழே போக ஏறக்குறைய 16 கிலோமீட்டர் காட்டுச் சாலை. வளைவு ஒவ்வொன்றிலும் குழந்தைகள் வாந்தி எடுக்கும். அதன் பிறகு "இன்று தடை" என்று கேட்கிற அப்பாவின் முகத்தை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அந்த முகம்தான் ஆபத்து. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறேன். 200 கிலோமீட்டர் வண்டி ஓட்டி வந்தவன் கயிற்றைப் பார்த்தவுடன் திரும்பிப் போக மாட்டான். "கொஞ்சம் தள்ளிப் போனா காவலுக்கு ஆள் இருக்காது" என்று யாராவது சொல்வார்கள். ஆள் இல்லாத இடத்தில் இறங்குவான். பாறை வழுக்கும். மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர், பக்கத்திலேயே ஆழமான கசம். பாறைக்கு அடியில் குடைந்துகொண்டு ஓடும் நீர் ஆளை எந்தப் பக்கம் இழுக்கும் என்று அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் தெரியும். தடை என்ற செய்தி அவன் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தால் அது தகவல். ஆற்றின் சத்தம் காதில் விழுந்த பிறகு சேர்ந்தால் அவனுக்கு அது வீம்பு.

முன்கூட்டியே சொல்ல முடியுமா என்றால், பெரும்பாலான நாள் முடியும். கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகளில் திறந்துவிடுகிற தண்ணீர் அன்றைக்கே இங்கே வந்து நிற்பதில்லை. மலையும் சமவெளியும் தாண்டி, மேகதாட்டு வழியாக இறங்கி வர நேரம் எடுக்கும். அங்கே மதகு திறந்த செய்தி வந்த அன்றே "நாளை, நாளை மறுநாள் வருகிறவர்கள் கவனம்" என்று சொல்லலாம். ஆனால் வழியில் வந்து சேரும் சிம்ஷா, அர்க்காவதி ஆறுகள் பக்கம் கொட்டுகிற மழை எல்லாம் மதகுக்குப் பின்னால் நிற்காது. அந்தத் தண்ணீர் சொல்லிக்கொள்ளாமல் வரும். அதனால்தான் காலையில் ஒருமுறை எழுதிவிட்டுப் போகிற பலகை போதாது, நீர்வரத்து மாற மாற அழித்து எழுதுகிற பலகை வேண்டும் என்கிறேன்.

அந்தச் சொல்லாமல் வருகிற தண்ணீரை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்போது பதினாறு வயது. சித்திரை மாதம். ஆறு சில நூறு கன அடியில் ஓடையாகச் சுருங்கிக் கிடந்தது. ஊட்டமலைக்குக் கீழே மணலில் நானும் மாமாவும் மீன் வறுத்துத் தின்றுவிட்டுத் துண்டை விரித்துப் படுத்தோம். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. நடுராத்திரிக்கு மேல் மாமா என்னை உலுக்கினார். "சத்தம் மாறிப்போச்சுடா" என்றார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எழுந்து நின்றால் பாதத்துக்கடியில் மணல் ஈரம். படுக்கும்போது தண்ணீர் இருபது அடி தள்ளி இருந்தது. துண்டைச் சுருட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடினோம். டார்ச் அடித்துப் பார்த்தபோது எங்கள் வறுசட்டி மெதுவாக, ரொம்ப மரியாதையாக, மேட்டூர் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அத்தைக்கு அந்தச் சட்டிக்காக மாமா கடைசிவரை பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது சனிக்கிழமை சாயங்காலங்களில் முதுகில் கூடாரப் பையோடு பிள்ளைகள் பைக்கில் வருகிறார்கள். பெங்களூரு, சேலம், கோயம்புத்தூர். பால் பாக்கெட்டும் தண்ணீர் கேனும் வாங்கிக்கொண்டு, "அண்ணா, ஆத்தோரமா டென்ட் போட நல்ல இடம் எது?" என்று கேட்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான். இரு கரையும் காப்புக்காடு என்றோ, இந்தக் காவிரிக் காட்டில் 2014-ல் வடக்கு, 2022-ல் தெற்கு என இரண்டு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன என்றோ அவர்களுக்குத் தெரியாது. கோடையில் யானைகள் தண்ணீருக்கு இறங்குவதும், முதலை கரையேறிக் கிடப்பதும் தெரியாது. மணல் மெத்தென்று இருக்கிறது, போட்டோ நன்றாக வரும், அவ்வளவுதான். நான் "வேண்டாம் தம்பி" என்றால் அடுத்த கடையில் கேட்பார்கள். வேண்டாம் என்பதற்குப் பதிலாக வேறு எங்கே என்று சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

அதைக் கொடுங்கள் என்று கேட்கிறேன். காட்டுக்கு வெளியே, வெள்ளம் ஏறாத மேட்டில், ஒரு ஏக்கர் இடம் போதும். கழிப்பறை, தண்ணீர், விளக்கு, காவலுக்கு ஒரு ஆள், பெயர் எழுத ஒரு நோட்டு. கட்டணம் வையுங்கள், கொடுப்பார்கள். அங்கிருந்து ஆறு தெரிந்தால் போதும், ஆற்றுக்குள்ளேயே படுக்க வேண்டியதில்லை. மறுநாள் காலையில் அவர்கள் விட்டுப்போகும் பாட்டிலும் நெகிழியும் ஒரே இடத்தில் கிடக்கும், அள்ளவும் வசதி. இப்போது அவை பாறை இடுக்கெல்லாம் கிடக்கின்றன. எங்கள் குழாய்க்கு வரும் தண்ணீரும் அந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது.

நடைப்பயணம் பற்றியும் ஒரு வார்த்தை. 2018 மார்ச்சில் தேனி குரங்கணி மலையில் காட்டுத்தீயில் 23 பேர் இறந்த பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 வழிகளைத் திறந்து, இணையத்தில் பதிவு, கூடவே வழிகாட்டி என்று ஒழுங்குபடுத்தியது. நல்ல காரியம். அதே முறையில் இங்கே ஆற்றங்கரையை ஒட்டி ஒரு சின்னக் காலை நடை ஏற்பாடு செய்ய முடியாதா? மலை உச்சி எல்லாம் வேண்டாம். நீர்மருது நிழலில் இரண்டு மணி நேரம். மேலே கிளையில் சாம்பல் நிற மலை அணில் வாலைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கும், அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் கூட்டம் மீனோடு கரையேறும். ஒகேனக்கல் என்றால் அருவி, எண்ணெய்க் குளியல், மீன் வறுவல் என்று மட்டும் நினைத்து வருகிறவர்களுக்கு இப்படி ஒரு ஒகேனக்கல் இருப்பதே தெரியாது. வழிகாட்டியாக யாரை வைப்பது என்றால், பரிசல்காரர்களைவிட இந்தக் கரை தெரிந்தவர் யார்?

பரிசல்காரர்கள் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தடை நாட்களில் மச்சான் வீட்டில் கிடக்கிறார் என்று மேலே எழுதினேன். 2018, 2019, 2022, 2024 ஆடி மாதங்களை நினைத்துப் பாருங்கள். நீர்வரத்து லட்சம் கன அடியைத் தாண்டிய வருடங்கள். பாறை, அருவி எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை, கரையிலிருந்து கரைக்குச் செம்மண் நிறத்தில் ஒரே ஓட்டம். டிவிக்காரர்களுக்கு அழகான காட்சி. பரிசல்கள் மேட்டில் கவிழ்த்துப் போடப்பட்டு வாரக்கணக்கில் கிடந்தன. அவர்களோடு எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களும், மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே குழம்பு வைத்துத் தரும் பெண்களும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். என் கடையும்தான் காற்று வாங்கியது, ஆனால் எனக்கு ஊர்க்காரர்கள் வருவார்கள், அவர்களுக்கு ஆற்றுக்கு வருகிறவர்கள் மட்டும்தான்.

இவர்களுக்கு நிவாரணம் கொடுங்கள் என்று கேட்பது சுலபம். நான் கேட்பது வேலை. தடை நாட்களில் கரைக் காவலுக்கு, ஆபத்தான இடங்களில் நின்று ஆட்களைத் திருப்பி அனுப்ப, பலகையை அழித்து எழுத, அந்தக் காலை நடைக்கு முன்னால் போக, நாள் கூலிக்கு இவர்களை வையுங்கள். வெளியூர்க்காரன் சீருடைக்குப் பயந்து ஒரு அடி பின்னால் போவான், சீருடை திரும்பினால் இரண்டு அடி முன்னால் வருவான். பரிசல்காரர் சொன்னால் கேட்பான். ஏன் என்றால் அவர் "கூடாது" என்று நிறுத்த மாட்டார், "போன வருசம் இந்தக் கல்லுலதான் ஒரு பையன் போனான், நான்தான் எடுத்தேன்" என்பார்.

குழந்தைகளுக்கு அவர்கள் அளவில் மிதவைச் சட்டை வேண்டும் என்பதையும் இடையில் போட்டுவிடுகிறேன். பெரியவர் சட்டையை ஐந்து வயதுப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் சட்டை மட்டும் மிதக்கும்.

எதிர்க்கரை கர்நாடகம். அங்கேயும் பரிசல் உண்டு, வருகிறவர்கள் உண்டு. ஆறு ஒன்றுதான் என்பதால் தடையையும் திறப்பையும் இரு கரைக்காரர்களும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நேரத்தில் அறிவித்தால் நல்லது. டி.எம்.சி. கணக்கு அளவுக்கு இதில் சிக்கல் இருக்காது என்று நம்புகிறேன்.

கடைசியாகப் பலகைக்கு வருகிறேன். எல்.இ.டி. திரை, செயலி, கட்டணமில்லாத் தொலைபேசி எண் என்று பெரிதாகச் செய்ய முடிந்தால் செய்யுங்கள், சந்தோஷம். அதெல்லாம் ஒப்பந்தப்புள்ளி கோரி வருவதற்குள் இரண்டு ஆடி போய்விடும். அதுவரைக்கும் மூன்று இடத்தில் கரும்பலகை போதும். தருமபுரி பேருந்து நிலையத்தில் ஒன்று, பென்னாகரத்தில் ஒன்று, கீழே இறங்கும் மலைச்சாலை ஆரம்பிக்கும் இடத்தில் ஒன்று. அதில் நாலு வரி: இன்றைய நீர்வரத்து, பரிசல், குளியல், நாளைக்கு எப்படி இருக்கும். ஓரத்தில் எழுதிய நேரம். தமிழிலும் கன்னடத்திலும். காலை ஆறு மணிக்கு ஒருமுறை, மதியம் ஒருமுறை, இடையில் நீர்வரத்து மாறினால் உடனே.

பென்னாகரத்துப் பலகைக்கு நீங்கள் இடம் தேட வேண்டாம். என் கடையின் சாலைப் பக்கச் சுவரில் எட்டடிக்கு நாலடி காலியாக இருக்கிறது. முன்பு ஒரு சிமென்ட் விளம்பரம் இருந்தது, போன மாதம் அழித்துச் சுண்ணாம்பு அடித்துவிட்டேன். வாடகை வேண்டாம். நீர்வரத்தைப் போனில் சொன்னால் நானே எழுதிவிடுவேன், கையெழுத்து சுமாராக இருக்கும். அதுவரை மச்சானுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒகேனக்கல் சாலையோர டீக்கடைக்காரன்,
பென்னாகரம்.